நாலாவது ஆள்

மலாக்காவில் நியாலாஸ் பக்கம் உங்களுக்குச் சொந்தக்காரர்கள் யாராவது இருந்தால், அவர்கள் வீட்டுச் சுவரில் இப்படி ஒரு படத்தைப் பார்த்திருக்கக்கூடும். கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், நடுவில் வாயை இறுக மூடிக்கொண்டு ஒரு சிறுமி. அவர்களுடைய பிள்ளை என்றுதான் நினைத்திருப்பீர்கள். இல்லை. அந்தச் சிறுமி நான். அவர்களுக்கும் எனக்கும் எந்த உறவும் கிடையாது. எனக்கு ஏழு வயதான ஆண்டில், ஒரு டுரியான் பழக் காலம் முழுவதும், ஒரு கேமராவின் காரணமாக நான் ஊரார் குடும்பங்களுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தேன்.

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். அம்மாவுக்குப் பிடிக்குமா, அத்தை வருத்தப்படுவாரா, பெயர் போடாவிட்டாலும் யாரென்று தெரிந்துவிடுமா என்றெல்லாம். என் வயதுத் தாய்மார்களுக்கு இது புரியும். பிள்ளைக்குச் சளி பிடித்தால் நேற்று கொடுத்த ஐஸ்கிரீமா, முந்தாநாள் நனைந்த மழையா என்று நாள் முழுக்க விசாரணை நடத்துகிறவர்கள்தானே நாம். எழுதத் தொடங்கியதற்குக் காரணம் என் மகள். இந்த ஆண்டு அவள் முதலாம் வகுப்பு. "என் குடும்பம்" என்ற பாடத்துக்காக வீட்டிலிருந்து குடும்பப் படம் ஒன்று கொண்டுவரச் சொல்லியிருந்தார் ஆசிரியை. நான், என் கணவர், மகள் என்று எங்கள் வீட்டில் மூன்று பேர். தேடிப் பார்த்தேன். என் கைப்பேசியில் ஆயிரக்கணக்கான படங்கள் இருக்கின்றன. நாங்கள் மூவர் மட்டும் நிற்கும் படம் ஒன்றுகூட இல்லை.

ஏன் இல்லை என்று எனக்குத் தெரியும். உங்கள் வீட்டிலும் சொல்லியிருப்பார்கள். மூன்று பேராக நின்று படம் எடுக்கக்கூடாது, எடுத்தால் நடுவில் நிற்பவருக்கு ஆகாது. இது யார் தொடங்கி வைத்த பேச்சு என்று எனக்குத் தெரியாது. எங்கள் தாமான் குடியிருப்பில் எதிர்வீட்டுச் சீனப் பெண்மணியும் இதையே சொல்கிறார். நாங்களோ வேதக்காரர்கள். ஞாயிற்றுக்கிழமை பூசையில் அஞ்ச வேண்டாம் என்று வாசகம் கேட்டுவிட்டு வெளியே வந்து, சர்ச் வாசலில் படத்துக்கு நான்காவதாக ஓர் ஆளைத் தேடுகிறவர்கள். ஆள் கிடைக்காதபோது நான் மகள் கையில் ஒரு கரடிப் பொம்மையைக் கொடுத்துவிடுவேன். பொம்மைக்கும் முகம் இருக்கிறதல்லவா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். படித்தவள்தான். ஆனால் இவளுக்கு முன்னால் எனக்கு ஒரு கரு தங்கவில்லை. அதற்குப் பிறகு படிப்பு ஒரு பக்கம், கரடிப் பொம்மை ஒரு பக்கம் என்று ஆகிவிட்டது.

அந்தக் கேமராவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

அப்பா ஃபேக்டரியில் வேலை செய்தார். அங்கே இருந்த ஜப்பான் எஞ்சினியர் ஊர் திரும்பும்போது, இத்தனை நாள் தன்னோடு நல்லபடியாகப் பழகியதற்காக அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனது அது. கறுப்பு நிறம், வலது பக்கம் ரப்பர் பிடி, கழுத்தில் மாட்டினால் தலை முன்னால் இழுக்கும் கனம். அதுவரை நாங்கள் பார்த்ததெல்லாம் சோப்புப் பெட்டி போன்ற சின்னக் கேமராக்கள். இது வேறு. பித்தானைப் பாதி அழுத்தினால் லென்ஸ் தானாக முன்னும் பின்னும் சுழலும். "ங்ஙீ" என்று மெல்லிய சத்தம். பிறகு "பீப்." அந்த பீப் வந்தால் கேமரா பார்த்துவிட்டது என்று பொருள். மிச்சத்தையும் அழுத்தலாம். பிலிம் ரோல் முடிந்ததும் யாரும் சொல்லாமலே அது பிலிமைத் தனக்குள் சுருட்டிக்கொள்ளும். முதல் முறை அந்தச் சத்தம் கேட்டபோது, என்னவோ உடைந்துவிட்டது என்று அப்பா கேமராவை அரிசி மூட்டை மேல் வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றார்.

அதைத் திறந்தால் வரும் மணம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது. புதுச் செருப்பும் மருந்துக் கடையும் கலந்தாற்போல ஒரு மணம்.

அப்பா மூக்குக்கண்ணாடி போடுகிறவர். கேமராவில் கண்ணை வைக்கும்போது கண்ணாடி இடிக்கும். கழற்றிச் சட்டைப் பையில் வைத்துவிடுவார். அப்போது அவருக்கு உலகமே மங்கல்தான். "நான் பாக்க வேண்டியதில்ல, மெஷினே பாத்துக்கும்" என்பார். கூடவே வந்த கையேடு முழுக்க ஜப்பான் மொழி. படங்களை வைத்துப் புரிந்துகொண்டார். அதில் ஒரு படத்தில் இரண்டு பேர் இடைவெளி விட்டு நிற்பார்கள். ஒருவர் முகத்தில் சின்ன வட்டம், அங்கிருந்து பக்கவாட்டில் ஓர் அம்பு. அம்புக்குறியைப் பார்த்து அப்பா ஒரு முடிவுக்கு வந்தார். இரண்டு பேரை எடுக்கும்போது அவர்களைத் தள்ளி நிற்கச் சொல்ல வேண்டும்.

"தள்ளி நில்லு. இன்னும் கொஞ்சம். ஆங், இன்னும்."

"இன்னும் தள்ளுனா நான் பக்கத்து வீட்டுப் படத்துல போய் விழுந்துருவேன்" என்றார் அம்மா.

"புஸ்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கு லா. அவன் செஞ்சவன், அவனுக்குத் தெரியாதா?"

கேமராவின் உள்ளே பார்த்தால் நட்டநடுவில் ஒரு சின்ன அடைப்புக்குறி தெரியும். அது எதன்மேல் படுகிறதோ அதைத்தான் கேமரா தெளிவாக்கும். இப்போது எனக்குத் தெரிகிறது. அப்போது எங்களில் யாருக்கும் தெரியாது. இரண்டு பேரைத் தள்ளி நிறுத்தினால் அடைப்புக்குறி அவர்களுக்கு நடுவே புகுந்து பின்னால் இருப்பதைப் பார்க்கும். பார்த்துவிட்டுத் திருப்தியாக "பீப்" என்று சொல்லும்.

முதல் ரோலைக் கழுவி வாங்கிய அன்று மலாக்காவில் கடை வாசலிலேயே உறையைப் பிரித்தோம். அம்மாவும் நானும் நிற்கும் படத்தில் நாங்கள் இருவரும் புகைமூட்டத்தில் நிற்பதுபோல் இருந்தோம். பின்னால் கொடியில் தொங்கிய அப்பாவின் சட்டை மட்டும் அவ்வளவு தெளிவு. பித்தானின் துளைகூடத் தெரிந்தது. அத்தையும் அம்மாவும் நின்ற படத்தில் தோட்டத்து லயவீடுகளின் தண்ணீர்த் தொட்டி. அத்தையும் அவர் தோழியும் நின்ற படத்தில் ஒரு செம்பனை மரமும் அதன் மேல் ஏறிய பெரணியும்.

அத்தை அப்பாவின் தங்கை. நியாலாஸ் பக்கம் ஒரு தோட்டத்தில் பெரியப்பா வீட்டில் இருந்தார். அந்தப் படங்களைக் கையில் வைத்துக்கொண்டு அவர் சிரித்த சிரிப்பு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"ஏண்ணே, என்னையவிட இந்தத் தண்ணித் தொட்டி அழகா இருக்குன்னு கேமராவுக்குத் தோணிருச்சா?"

அப்பா சிரிக்கவில்லை. அத்தைக்கு நடுவாண்டுப் பள்ளி விடுமுறையில் கல்யாணம். படம் எடுக்கப் போவது அப்பா. நல்ல கேமரா நம்மிடமே இருக்கும்போது வெளியாள் எதற்கு என்று பெரியப்பா முன்னால் அவர் சொல்லி முடித்துவிட்டார்.

அத்தை சிரிப்பை நிறுத்திவிட்டு, மெதுவாக ஒன்று சொன்னார். அந்த வயதில் எனக்கு அது புரியவில்லை. ஆனால் வார்த்தை மறக்கவில்லை.

"அண்ணே, எனக்கு எங்கம்மா மூஞ்சி தெரியாது. ஒரு படங்கூட இல்ல. எனக்குப் பொறக்கப்போற புள்ளைக்கு எம் மூஞ்சி தெரியணும். ஒண்ணு போதும். ஒண்ணாச்சும் தெளிவா எடுத்துக் கொடுத்துரு."

அத்தை பிறந்த சில மாதங்களில் அவர் அம்மா இறந்துபோனாராம். அப்பா முகத்தை நான் அன்றுதான் அப்படிப் பார்த்தேன். கேமராவை மடியில் வைத்துக்கொண்டு, கைக்குட்டையால் லென்ஸைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அதற்குப் பிறகு ஆளுக்கொரு யோசனை. குளிர் தேசத்துச் சாமான், நம் வெயில் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றார் பெரியப்பா. கண்பட்டுவிட்டது, உப்பு சுற்றிப் போடுங்கள் என்றார் பக்கத்து லயத்து அக்கா ஒருவர். மூடி பாதி மூடியிருக்கிறதோ என்று அம்மா கேட்டார். அப்பா இன்னும் ஒரு ரோல் போட்டார். இன்னும் தள்ளி நிற்கச் சொன்னார்.

அந்த இரண்டாவது ரோலில்தான் நான் நடுவே ஓடினேன். அத்தையும் அம்மாவும் லயத்து வாசலில் ஆளுக்கொரு பக்கம் நிற்க, அப்பா பாதி அழுத்தியிருந்தார். ஒரு கோழிக்குஞ்சு என் கையிலிருந்து நழுவியது. நான் அதைப் பிடிக்கக் குறுக்கே பாய்ந்து நிமிர்ந்தேன். "ங்ஙீ, பீப்."

கழுவி வந்த ரோலில் அந்த ஒரு படம் மட்டும் கண்ணாடிபோல் இருந்தது. என் நெற்றி வியர்வை, கோழிக்குஞ்சின் அலகு, இரண்டு பக்கமும் அம்மா, அத்தை. அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இவ நின்னா வருது" என்றார். "ராசி லா இவளுக்கு. இவ ராசிதான்."

ஒரு ஃபேக்டரியில் அத்தனை இயந்திரங்களை மேய்க்கிற மனிதர் இப்படி நினைத்தாரே என்று பல வருடம் எனக்கு வியப்பாக இருந்தது. இப்போது வியப்பில்லை. அவர் சோதித்துத்தான் பார்த்தார். நான் நடுவில் நின்றால் தெளிவு, விலகினால் மங்கல். மறுபடி நின்றால் தெளிவு. இதற்குமேல் என்ன நிரூபணம் வேண்டும்?

தோட்டத்தில் பேச்சு பரவியது. வார இறுதியில் புக்கிட் காத்திலில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து நாங்கள் போய் இறங்கியதும் யாராவது வந்துவிடுவார்கள். புது மோட்டார் வாங்கியவர், புதிதாகக் கல்யாணமானவர், பல வருடமாகப் பேசிக்கொள்ளாமல் இருந்து அன்றுதான் ராசியான கணவன் மனைவி. "ராசிப் புள்ளைய அனுப்பி விடுங்க" என்பார்கள். நான் நடுவில் போய் நிற்பேன். "பீப்." பிறகு கையில் ஏதாவது கிடைக்கும். முறுக்கு, ஒரு சுளை டுரியான். அந்தக் காலத்துப் படங்களில் என் கை எல்லாவற்றிலும் டுரியான் பிசுபிசுப்பு, படத்தில்தான் தெரியாது.

அம்மாவுக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. கணவன், மனைவி, நடுவில் நான். எண்ணிப் பாருங்கள்.

முடிந்தபோதெல்லாம் அவர் நான்காவது ஆளைத் திணித்தார். "அந்த நாயையும் பக்கத்துல விடுங்கக்கா." "உங்க கொழுந்தன் சும்மாதானே நிக்கிறாரு, வரச்சொல்லுங்க." நான்கு பேரானால் நான் சரியாக நடுவில் இல்லை, படம் மறுபடி மங்கல். அப்பா என்னைத் திரும்ப நடுவுக்கு நகர்த்துவார். அம்மா ஓரத்துக்கு இழுப்பார். ஒரு முறை ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"புள்ள ராசிய கெடுக்காத."

"புள்ளையவே கெடுத்துறாதீங்க. ராசியாம் ராசி."

கழுவி வந்த படங்களில் எதில் நான் மூவரில் நடுவாக இருக்கிறேனோ, அதன் மூலையில் அம்மா ஒரு வேளாங்கண்ணி மாதா அட்டையைச் செருகிவிடுவார். ஜெபப் புத்தகத்துக்குள் வைப்பார்களே, அந்தச் சின்ன அட்டை. மாதாவைச் சேர்த்தால் நான்கு. கணக்கு சரியாகிவிடும். படத்தை வாங்க வந்தவர்கள் இந்து வீட்டுக்காரர்களாக இருந்தாலும் அட்டையோடுதான் கொடுப்பார். "எடுத்துறாதீங்க, இருக்கட்டும்" என்பார். அவர்களும் எடுக்கவில்லை. சில வீடுகளில் இன்றும் அது இருக்கிறது, மஞ்சளாகிப்போய்.

இதில் நான் என்ன நினைத்தேன் என்று சொல்கிறேன். அந்த ஆண்டு எனக்கு முன் பற்கள் இரண்டும் விழுந்திருந்தன. அம்மா என்னை நடுவிலிருந்து இழுப்பது அதனால்தான் என்று நினைத்தேன். ஓட்டைப் பல்லோடு நடுவில் நிற்க எனக்குத் தகுதியில்லை, அம்மாவுக்கு வெட்கமாக இருக்கிறது. அதனால் ஒரு படத்திலும் நான் வாயைத் திறக்கவில்லை. அம்மாவுக்காக அவ்வளவு இறுக்கமாக மூடிக்கொண்டேன். பயத்தால் இழுத்தார் என்று எனக்கு எப்படித் தெரியும்? எனக்கு முன்னால் அம்மாவுக்கு இரண்டு தங்கவில்லை என்பதே எனக்கு ஒரு பிள்ளை பிறந்த பிறகுதான் சொன்னார். மருத்துவமனைக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, என் மகளின் விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டே, போகிற போக்கில் சொன்னார்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் எனக்குக் காய்ச்சல் வந்தது.

டுரியான் தின்ற காய்ச்சலாகத்தான் இருக்கும். ஆனால் அம்மா அப்படி நினைக்கவில்லை. என் நெற்றியில் ஈரத்துணி போட்டார். பெரியப்பா வீட்டுக் கூடம் முழுக்கக் கல்யாணச் சத்தம். வெங்காயம் நறுக்குகிறவர்கள், நாற்காலி இறக்குகிறவர்கள். அதற்கு நடுவில் அம்மா அப்பாவிடம் மெல்லிய குரலில் சொன்னது எனக்குக் கேட்டது.

"நாளைக்கு இவ நிக்க மாட்டா."

"ஒரே ஒரு படம். பொண்ணு மாப்பிள்ளையோட ஒண்ணே ஒண்ணு. எந் தங்கச்சி வாய் விட்டுக் கேட்டது."

"உங்களுக்குத் தங்கச்சி. எனக்கு இவ ஒருத்திதான்."

 அப்பா வாசலில் போய் நின்றுகொண்டார். மாப்பிள்ளையின் அம்மாவும் முன்பே சொல்லி அனுப்பியிருந்தார், மணமக்களுக்கு நடுவில் எந்தக் குழந்தையும் நிற்கக்கூடாது என்று. ஆக எல்லாப் பக்கமும் கதவு அடைத்தாயிற்று.

மறுநாள் சர்ச்சில் என்னைக் கடைசி பெஞ்சில் போர்வை சுற்றிப் படுக்க வைத்திருந்தார்கள். பூசை முடிந்து எல்லோரும் பீடத்தின் முன்னால் படத்துக்குக் கூடினார்கள். மாப்பிள்ளை ஒரு பக்கம், அத்தை ஒரு பக்கம். இருவருக்கும் கூச்சம். அப்பா சொல்லாமலே இடைவெளி விட்டுத்தான் நின்றார்கள். அந்த இடைவெளியில் தூரத்தில் பெரிய பாஸ்கா மெழுகுவர்த்தி தெரிந்தது. அப்படியே எடுத்திருந்தால் மெழுகுவர்த்திதான் மிக அழகாக வந்திருக்கும்.

அப்பா கேமராவைத் தூக்கினார், இறக்கினார். மறுபடி தூக்கினார்.  கடைசி பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார். அம்மா என் மேல் கையை வைத்துக்கொண்டார்.

அத்தை இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. வெள்ளைச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டடி நகர்ந்து நட்டநடுவில் வந்து நின்றார்.

"அண்ணே, அவ நிக்கிற எடத்துல நான் நிக்கிறேன். எடு."

"ஏம்மா, மாப்பிள்ளை எங்க நிப்பாரு?" என்று யாரோ கேட்டார்கள்.

"எனக்குப் பின்னால நிக்கட்டும். தோளுக்கு மேல எட்டிப் பாக்கட்டும். ஒசரமா இருக்காருல்ல, அதுக்காச்சும் ஒதவட்டும்."

கூட்டம் சிரித்தது. மாமா வெட்கப்பட்டுக்கொண்டே பின்னால் போய், அத்தையின் தோளுக்கு மேல் தலையை நீட்டினார். மாப்பிள்ளையின் அம்மா "என்ன கூத்து இது" என்றார். ஆனால் அவரும் சிரித்துவிட்டார். "ங்ஙீ." சர்ச் முழுக்க அந்தச் சத்தம் கேட்டதுபோல் எனக்கு இருந்தது. "பீப்."

அன்று எடுத்ததில் பெரும்பாலானவை வழக்கம்போல் மங்கல். மெழுகுவர்த்திகளும் நாற்காலி முதுகுகளும் தெளிவு. அந்த ஒரு படத்தில் அத்தையின் முகம். கண்மையின் ஓரம், தலையில் வைத்த முல்லை, சிரிப்பை அடக்கும் உதடு. தோளுக்கு மேல் மாமா. இருவருமே தெளிவு. நான் அதில் இல்லை.

அப்பா அதை உணவு மேசையில் வைத்துக்கொண்டு, முந்தைய படங்களையெல்லாம் அதைச் சுற்றிப் பரப்பினார். அம்மா சமையலறை வாசலில் நின்று பார்த்தார்.

"ஆளுல இல்ல" என்றார் அப்பா கடைசியில். "எடத்துல இருக்கு."

ஜப்பான் கையேட்டை எடுத்து வந்தார். வட்டத்தையும் அம்பையும் மறுபடி பார்த்தார். அது மனிதர்களைத் தள்ளச் சொல்லும் அம்பு அல்ல. ஒரு முகத்தை நடுவில் வைத்து பீப் வாங்கிக்கொண்டு, விரலை எடுக்காமல் கேமராவை நகர்த்து என்று சொல்லும் அம்பு. அப்பா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். அம்மாவும் சிரித்தார். பிறகு அம்மா என்னைத் தூக்கி மடியில் வைத்து, வாயைத் திறக்கச் சொல்லி, முளைக்கத் தொடங்கியிருந்த புதுப்பல்லை விரலால் தடவிப் பார்த்தார். காய்ச்சல் எப்போதோ போயிருந்தது.

அன்றோடு என் ராசி முடிந்தது. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான், முறுக்கு நின்றுபோனதில்.

அத்தைக்கு இரண்டு பிள்ளைகள். ஜொகூரில் நன்றாக இருக்கிறார்கள். அந்தப் படம் அவர் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. பிள்ளைகள் அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

இனி என் மகளின் பள்ளிக்கூடப் படத்துக்கு வருகிறேன்.

நான் முதலில் கரடிப் பொம்மை உள்ள படம் ஒன்றை அச்செடுத்துக் கொடுத்து அனுப்பினேன். மாலையில் திரும்பி வந்தவள் பையை இறக்கிவிட்டுக் கேட்டாள்.

"அம்மா, கரடி நம்ம குடும்பமா?"

"ஏன்டா?"

"டீச்சர் படத்துல இருக்கிறவங்கள சொல்லச் சொன்னாங்க. நான் அம்மா, அப்பா, நான், கரடின்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சிட்டாங்க. நான் நிஜமா கேக்குறேன். நாம மூணு பேரு மட்டும் ஏன் நிக்கவே மாட்டோம்? என்னைய உங்களுக்கு நடுவுல நிக்க வைக்கப் பிடிக்கலையா?"

 எதையோ சொல்லி மழுப்பினேன். ஆனால் அன்று முழுவதும் அவள் கேள்வி என்னோடு இருந்தது. வாயை இறுக மூடிக்கொண்டு நின்ற சிறுமி எனக்குத் தெரிந்தவள். அவளை இன்னொரு முறை உருவாக்கிக்கொண்டிருந்தது நான்தான்.

என் கணவர் இதைக் கேட்டுவிட்டு, "மாமாகிட்ட அந்தப் பழைய கேமரா இன்னும் இருக்குல்ல? அவரையே எடுக்கச் சொல்லுவோம்" என்றார். அவருக்கு அந்தக் கேமரா மேல் வெகுநாளாக ஒரு கண். மலாக்காவில் ஒரு கடையில் இன்னும் பிலிம் கிடைக்கிறது. இப்போது இளம்பிள்ளைகள் விரும்பி வாங்குகிறார்களாம். பேட்டரியைத்தான் தேட வேண்டியிருந்தது.

ஒரு சனிக்கிழமைக் காலை அப்பா வீட்டுக்குப் போனோம். அவர் பெட்டியிலிருந்து கேமராவை எடுத்தபோது முதலில் வந்தது அந்த மணம். ரப்பர் பிடி கையில் ஒட்டியது. பேட்டரி போட்டுப் பாதி அழுத்தினார். ஒரு நொடி ஒன்றுமில்லை. பிறகு "ங்ஙீ." என் மகள் கைதட்டினாள்.

அப்பாவுக்கு இப்போது கண்ணில் புரை. அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். "ஒண்ணும் பயமில்ல. அப்பவும் நான் பாக்கல, இப்பவும் பாக்கப் போறதில்ல. மெஷினே பாத்துக்கும்" என்றார்.

ரம்புத்தான் மரத்தடியில் நின்றோம். கணவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். நான் பொம்மையைப் பையில் கொண்டு வந்திருந்தேன். உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? கை பைக்குள் போய்த் தொட்டும் பார்த்தது. அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்தால் நான் பின்வாங்கிவிடுவேன் என்று பார்க்காமல் இருந்தேன். அம்மா உள்ளே போய்விட்டது மட்டும் தெரிந்தது. அடுப்படியில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது.

மகள் ஓடிவந்து எங்கள் நடுவில் நின்றாள். அவளுக்கும் முன் பற்கள் இல்லை. அவள் வாயை மூடவில்லை. ஓட்டை முழுவதும் தெரியச் சிரித்தாள். நான் பையைக் கீழே வைத்தேன். அவள் தோளில் கையை வைத்தேன்.

"தள்ளி நிக்கணுமா மாமா?" என்று கணவர் கிண்டலாகக் கேட்டார்.

"ஒட்டி நில்லுங்க லா. ஒட்டி." அப்பா கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். "பீப்."

பிலிம் கழுவி வரும்வரை எனக்கு நிம்மதி இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். மகள் ஒரு தடவை தும்மியதும் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். பிறகு படம் வந்தது. பள்ளிக்கு ஒன்று, எங்களுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று. அவள் முகம் நடுவில், ரம்புத்தான் பழத்தின் மயிர்கூடத் தெரியும் தெளிவு. பள்ளியில் எல்லோருக்கும் பெயர் சொன்னாளாம். யாரும் சிரிக்கவில்லையாம்.

அடுத்த வாரம் அம்மா வீட்டுக்குப் போனபோது படம் கூடத்துச் சுவரில் இருந்தது. பழக்கத்தில் என் கண் அதன் மூலைக்குத்தான் போனது. அங்கே ஒன்றும் இல்லை. ஜெபப் புத்தகம் பக்கத்து அலமாரியில், அட்டைகளெல்லாம் அதற்குள்.

"மாதா அட்டை வைக்கலையாம்மா?"

அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எதுக்கு?"

"மூணு பேருல்ல இருக்கோம்."

"மூணா?" அம்மா அப்பாவின் சட்டையை உதறி மடித்தார். "எதுத்தாப்புல ஒரு மனுசன் கண்ணாடியக் கழட்டிட்டு நின்னாருல்ல, கேமராவப் புடிச்சிட்டு. அவர எண்ண மாட்டியா? நானுந்தான் இத்தன வருசமா எண்ணாம இருந்துட்டேன்."

உள்ளறையில் அப்பா மகளுக்குக் கேமராவைக் காட்டிக்கொண்டிருந்தார். அவள் எதையோ பார்த்துப் பித்தானைப் பாதி அழுத்தியிருக்க வேண்டும். "பீப்" என்று கேட்டது.